ஆக்சிஜன் இருந்த இடம்

லிக்ஸோஸ் என்று ஒரு சர்க்கரை.
தேநீரில் யாரும் போட்டதில்லை.
பழுப்புப் புட்டியில் பத்து கிராம் வரும்,
விலை என் கார்க் கடனின் மாதத் தவணையைத் தாண்டும்.
இருபது வருடமாகக் கையாள்கிறேன்,
ருசி தெரியாது.

செரேதிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்குப் பேருந்து.
அக்டோபரில் பீட் லாரிகள் வழியை மறிக்கும்.
மண் ஒட்டிய கிழங்குக் குவியல், டன் டன்னாகச் சர்க்கரை,
அதன் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து
மில்லிகிராம் வேலைக்குப் போகிறேன்.

வேலை இதுதான்:
வளையத்திலிருந்து ஓர் ஆக்சிஜனைக் கழற்றி
அங்கே நைட்ரஜனை உட்காரவைப்பது.
மற்றதெல்லாம் பழையபடி.
நைட்ரஜன் ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு நிற்கும்,
வெட்டுப்படும் கணத்தில் சர்க்கரைக்கு வரும்
அதே முகத்தோடு.
என்சைம் நம்பிவிடும்.
வெட்ட வந்த வாய்
மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
கவ்வியபடி நிற்கும்.

பூட்டு, சாவி என்று பள்ளியில் படித்தேன்.
எனக்கென்னவோ
தெரிந்தவர் என்று கைகுலுக்கிவிட்டு
இது யார் என்று விழிப்பது போலத்தான் படுகிறது.

புற்றணுவின் மேல்
சர்க்கரைக் கிளைகள் தாறுமாறாய்ப் படரும்.
நுனி கிள்ளிக் கிள்ளி
அவற்றைப் படரவிடுவது மானோசிடேஸ்.
அதை நிறுத்தினால்
புற்று பரவாமல் இருக்கலாம்.
எங்கள் நிதி விண்ணப்பங்களில்
'லாம்' இல்லாத வாக்கியம் கிடையாது.

இந்தப் பொய்யை எங்களுக்கு முன்பே
ஆஸ்திரேலியாவில் ஒரு பட்டாணிச் செடி சொல்லியிருக்கிறது.
ஊதாப் பூ. ஆடுகள் விரும்பித் தின்னும்.
சிக்கல் என்னவென்றால் அந்த என்சைமுக்கு
அச்சு அசலாய் ஒரு கூடப்பிறந்தவள்,
செல்லின் குப்பை அறையில் வேலை.
செடியின் பொய் அவள் வாயையும் அடைக்கும்,
குப்பை தேங்கும்,
ஆடு வானத்தைப் பார்த்தபடி நடந்து
வேலியில் இடித்து விழும்.

ஆகவே ஒருத்தியை மட்டும் ஏமாற்ற வேண்டும்.

மூன்றாம் மாடியில் டிராஹொமீர், கணினிக்காரர்,
குளிர்காலம் முழுக்க இரண்டு வாய்களையும் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து
"இவளுக்கு உதட்டோரம் ஒரு பள்ளம்" என்றார்.
நைட்ரஜனில் ஒரு வால் வைக்கச் சொன்னார்.
திரையில் வால் வைக்க அரை நிமிடம்.
கீழே எனக்கும் ஹெர்மீனாவுக்கும் பதினோரு படி.
ஏழாவதில் படிகம் வரவேண்டும், பிசின் வந்தது.
மறுபடி ஏழு.
அமிலம் தெளித்த தட்டைச் சூடாக்கினால்
புள்ளிகள் கருகும், பாகு தீய்ந்த வாசனை,
அந்த வாசனையில் ஹெர்மீனாவுக்குப் பசிக்கும்.
கடைசியில் பதினான்கு மில்லிகிராம்.
குடுவை காலியென்று நினைத்துத்
துப்புரவுக்காரர் கழுவப் பார்த்தார்.

ஒருத்தியை அறுபது மடங்கு இறுகப் பிடித்தது.
டிராஹொமீர் லிஃப்டுக்குக் காத்திருக்காமல்
படியில் இறங்கி வந்தார், மூச்சு வாங்க,
எண்ணைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போனார்.

பிறகு செல்களில் போட்டோம்.
மூன்று நாள்.
புற்றணுக்கள் கொழுத்துப் பெருகியிருந்தன.
மருந்து செத்துப்போகவில்லை, பொய்யும் வெளிப்படவில்லை,
வாசலைத் தாண்டவே இல்லை:
சவ்வு எண்ணெய், என் மூலக்கூறுக்கு மின்னேற்றம்.
அறுபது மடங்கும் வெளியே நின்றுவிட்டது.

இப்போது அதற்கு ஒரு சட்டை தைக்கிறோம்,
எண்ணெயில் நனையும் எஸ்டர்,
உள்ளே போனதும் கழன்றுவிட வேண்டும்.
பன்னிரண்டாம் படி.
கழலுமா, முன்னதாகவே கழன்றுவிடுமா,
ஹெர்மீனா கேட்டாள்.
கையுறையை மாற்றிக்கொண்டேன்.

லிக்ஸோஸ் தீர்ந்துவிட்டது.
கொள்முதல் படிவத்தில்
'லாம்' எழுத இடம் இல்லை.
பத்து கிராம் என்று நிரப்பிக்
கையெழுத்துப் போட்டேன்.